புது ஹைபிரிட் காரில் போன் சார்ஜ்: வயர்லெஸ் பேடிலிருந்து 12 வோல்ட் சாக்கெட் வரை

மேப் போட்டுக்கொண்டு ஓட்டினால், வயர்லெஸ் பேடில் உட்கார்ந்திருக்கும் போனில் சார்ஜ் ஏறவில்லை, இறங்கியது. புதிதாக எடுத்த ஹைபிரிட் காரில் எனக்குக் குறை என்று பட்டது இது ஒன்றுதான். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது ஹைபிரிட் கார் எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறது, எங்கே கொடுக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தே புரிய வந்தது. அதே தலைவலியில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று செய்ததை எழுதி வைக்கிறேன்.

கார் ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’ வகை. பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும். வெளியே பிளக் செருகிச் சார்ஜ் ஏற்ற வழி கிடையாது. நாங்கள் இருப்பது கோயம்புத்தூர். காலை நேரத்தில் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடும், ஏசி மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய காரில் இன்ஜின் நின்றால் ஏசியும் நின்றுவிடும், ஏனென்றால் கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜினோடு இணைந்த பெல்ட். இதில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது பாதி நேரம் மோட்டார்தான் இழுக்கிறது. ஊருக்குள் நெரிசல் கூடக் கூட மைலேஜ் அடிவாங்கும் என்று பழகியிருந்த எனக்கு இந்த வண்டி தரும் நிம்மதி பெரியது.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன்.

அறிகுறி இதுதான். போனை பேடில் வைத்ததும் சின்ன விளக்கு எரியும், போனில் மின்னல் குறியும் வரும். கொஞ்ச நேரம் ஏறும். கால் மணி நேரம் போனால் போன் சூடாகி, ‘வெப்பம் குறையும்வரை சார்ஜிங் நிறுத்தப்பட்டது’ என்று காட்டும். சூடு தணிந்ததும் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒருநாள் அம்மா இறங்கும்போது போனை எடுத்துக் கொடுத்துவிட்டு, “என்ன கண்ணு, இது இட்லிச் சட்டி மாதிரி சுடுது” என்றார். பேட்டரியின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தேன். 43 டிகிரி. லித்தியம் பேட்டரிக்கு இந்தச் சூட்டில் சார்ஜ் ஏற்றுவது ஆகாது. ஒருநாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தினமும் இப்படி வேகவைத்தால் போன் பேட்டரியின் ஆயுள் குறையும். போன் தானாக நிறுத்திக்கொள்வது அதன் தற்காப்பு, அதைக் குறை சொல்ல முடியாது.

முதலில் எனக்கு வந்த சந்தேகம் காரின் மேல். இன்ஜின் அடிக்கடி அணைந்து எழும் வண்டியாயிற்றே, அதனால் கரன்ட் சரியாக வரவில்லையோ என்று. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் குட்டி வோல்ட்மீட்டர் ஒன்று வாங்கிச் செருகினேன். காரை ஓட்டத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து ‘ரெடி’ விளக்கு எரிந்தால் 14.1 வோல்ட். சிக்னலில் இன்ஜின் அணைந்தபோதும் 14.1. இன்ஜின் திரும்ப எழுந்தபோதும் எண் அசையவில்லை. சாதாரண காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் அந்த நொடி வோல்டேஜ் சட்டென்று இறங்கும். இங்கே அந்த இறக்கமே இல்லை.

காரணம் எளிது. இந்த வகைக் காரில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றி மின்சாரம் எடுக்கும் கருவி) கிடையாது, 12 வோல்ட் ஸ்டார்ட்டரும் கிடையாது. இன்ஜினைச் சுற்றி எழுப்புவது உயர் வோல்டேஜ் மோட்டார்தான். ஹைபிரிட் பேட்டரியின் உயர் வோல்டேஜை ஒரு டிசி-டிசி கன்வர்ட்டர் 14 வோல்ட் அளவுக்கு இறக்கி, விளக்கு, ஸ்டீரியோ, யூஎஸ்பி துளை, 12 வோல்ட் பேட்டரி எல்லாவற்றுக்கும் கொடுக்கிறது. இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பது போன் சார்ஜரின் கவலையே இல்லை. ஆக, கார் பக்கம் குற்றமில்லை. கரன்ட் வருகிறது, பேடுக்கும் போனுக்கும் நடுவில்தான் தொலைகிறது.

போன் சார்ஜ் செய்தால் மைலேஜ் குறையுமா என்று வீட்டில் ஒரு வாதம் ஓடியது. கணக்குப் போட்டுக் காட்டினேன். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் சுமார் 19 வாட்-மணி. வழியில் வீணாவதையும் சேர்த்து 30 என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாக மாறினாலே 3 யூனிட், அதாவது 3000 வாட்-மணி. ஒரு லிட்டரில் நூறு போன்களுக்கு முழு சார்ஜ். வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்க ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். அதன் பக்கத்தில் போன் கேட்கும் 15 வாட் கணக்கிலேயே வராது. வாதம் அத்தோடு முடிந்தது.

இப்போது பேட். கார்களில் வரும் வயர்லெஸ் சார்ஜர் பெரும்பாலும் Qi (‘சீ’) என்று சொல்லப்படும் பொதுத் தரத்தில் இயங்குகிறது. பேடுக்கு அடியில் ஒரு செப்புச் சுருள், போனின் முதுகில் ஒரு சுருள். இரண்டுக்கும் நடுவே நொடிக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திசை மாறும் காந்தப்புலம். அடிப்படை அளவு 5 வாட், அடுத்த நிலை 15 வாட். பேடும் போனும் இரண்டுமே ஒத்துக்கொண்டால்தான் 15. இல்லையென்றால் 5-க்கு இறங்கிவிடும். மேப் ஓடும் போன் திரை, ஜிபிஎஸ், டேட்டா எல்லாவற்றுக்குமாக மூன்று நான்கு வாட்டைத் தானே தின்றுவிடுகிறது. வயர் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் மேப், பாட்டு எல்லாவற்றையும் கார் திரையில் காட்டும் வசதி) ஓட்டினால் அதற்கு வைஃபை வேறு இடைவிடாமல் வேலை செய்யும். 5 வாட் வந்து 4 வாட் போனால் மிஞ்சுவது என்ன?

மேலும், சுருள்கள் நேருக்கு நேர் நிற்காவிட்டால் வீணாகும் ஆற்றல் முழுவதும் சூடாகத்தான் வெளியேறும். என் காரில் பேட் இருப்பது ஏசி பட்டன்களுக்குக் கீழே, மூன்று பக்கமும் அடைத்த குழியில். காற்று போக வழியில்லை. சில கார்களில் பேடுக்குக் கீழே சின்ன விசிறி வைத்திருக்கிறார்கள், இதில் இல்லை.

பேடிலேயே என்னென்ன சரிசெய்ய முடியும் என்று பார்த்தேன். போன் கேஸின் பின்னால் ஆபீஸ் அனுமதி அட்டையைச் செருகி வைத்திருந்ததை முதலில் எடுத்தேன். இது சார்ஜைத் தடுப்பதோடு, அட்டைக்குள் இருக்கும் சிப்பையே கெடுத்துவிடக்கூடும். தம்பியின் போனில் விரல் மாட்டும் உலோக வளையம் ஒட்டியிருந்தது. அதை வைத்தால் பேட் விளக்கே எரியாது. நடுவில் உலோகம் இருப்பது தெரிந்தால் பேட் தானாக நிறுத்திவிடும், இல்லையேல் அந்த வளையம் கடுமையாகச் சூடேறிவிடும். நாணயம் விழுந்து கிடந்தாலும் இதே கதை.

அடுத்தது சுருள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பேட் பெரியதாக இருந்தாலும் சுருள் அதன் நடுவில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. வண்டியை ரெடியில் வைத்து, போனை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, செயலியில் ஏறும் கரன்ட்டைப் பார்த்தேன். நான் வழக்கமாக வைக்கும் இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் மேலே தள்ளினால் கரன்ட் ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பால் கோடு போட்டேன். பிறகு பழைய மவுஸ் பேட் ஒன்றை வெட்டி, கீழேயும் வலது பக்கமும் அணை போல இரண்டு பட்டைகள் செய்து இருபக்க டேப்பால் ஒட்டினேன். போன் இப்போது திருப்பத்தில் வழுக்கிப் போவதில்லை, கோட்டிலேயே நிற்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: போனுக்கு அடியில் எதையும் விரிக்கக் கூடாது. நடுவில் இடைவெளி சில மில்லிமீட்டர் கூடினாலே சார்ஜ் விழுந்துவிடும். பட்டை பக்கவாட்டில் மட்டும்தான்.

சாவி விஷயம் நான் எதிர்பாராதது. சாவியை பேடை ஒட்டிய சின்னத் தட்டில் வைப்பது வழக்கமாக இருந்தது. நடுநடுவே ‘சாவி காணவில்லை’ என்று மீட்டரில் செய்தி வரும், சார்ஜும் ஒரு நொடி நின்று வரும். ஸ்மார்ட் சாவியைத் தேட கார் அனுப்பும் அலையும் வயர்லெஸ் சார்ஜரின் அலையும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று குழப்பும். கதவைத் திறந்து மூடும்போது சார்ஜ் சட்டென்று நிற்பதற்கும் இதுதான் காரணம்: சாவியைத் தேடும் நேரத்தில் கார் வேண்டுமென்றே பேடை நிறுத்தி வைக்கிறது. சாவியைச் சட்டைப்பைக்கு மாற்றியதும் செய்தி வருவது நின்றது.

இவ்வளவுக்கும் பிறகு பேட் எந்த நிலையில் இருக்கிறது? மேப் இல்லாமல், திரை அணைந்திருந்தால் நன்றாக ஏறுகிறது. மேப் ஓடும்போது இறங்காமல் தாக்குப்பிடிக்கிறது. மத்தியான வெயிலில் மறுபடி சூடேறி நிற்கத்தான் செய்கிறது. என் முடிவு: கார் வயர்லெஸ் பேட், ஊருக்குள் பத்து கிலோமீட்டர் போகிறவர்களுக்குப் போதும். நெடும்பயணத்துக்கு வயர்தான்.

வயர் என்றதும் முன்னால் இருக்கும் யூஎஸ்பி துளைதான் கண்ணில் படும். யூஎஸ்பி மீட்டர் ஒன்றை நடுவே போட்டு அளந்தேன். 5 வோல்ட், 1.4 ஆம்பியர், வெறும் 7 வாட். இது ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கான டேட்டா துளை. சார்ஜ் அதற்கு இரண்டாம் வேலை. பின் சீட்டுக்கு இருக்கும் சி-வகைத் துளை பரவாயில்லை, 5 வோல்ட்டிலேயே 2.4 ஆம்பியர் வரை போனது. ஆனால் இரண்டிலும் வோல்டேஜ் 5-ஐத் தாண்டவில்லை. இன்றைய போன்கள் வேகமாக ஏற 9 வோல்ட் கேட்கும். அதற்குத் துளைக்கும் போனுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடக்க வேண்டும். பவர் டெலிவரி என்பது அந்த ஒப்பந்தம்தான். காரோடு வரும் துளையில் அது இல்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த கேபிள் போட்டாலும் வேகம் வராது.

மிஞ்சியது 12 வோல்ட் சாக்கெட், அதாவது வோல்ட்மீட்டர் செருகிய அதே சிகரெட் லைட்டர் சாக்கெட். பலரும் அதில் டயர் காற்றடிக்கும் பம்ப்பைத் தவிர வேறு எதையும் செருகுவதில்லை. காரில் போன் சார்ஜ் செய்ய இருப்பதிலேயே வலுவான இடம் அதுதான். மூடியில் 120 வாட் என்று அச்சிட்டிருந்தது. இரண்டு சி-வகைத் துளைகள் உள்ள, பவர் டெலிவரியும் பிபிஎஸ்ஸும் இரண்டும் இருக்கிற சார்ஜர் வாங்கினேன். பிபிஎஸ் என்றால் போன் கேட்கிற வோல்டேஜை நுணுக்கமாகக் கூட்டிக் குறைத்துத் தருவது. சாம்சங் போன்களின் 25 வாட் வேகத்துக்கு இது வேண்டும். 67 வாட், 80 வாட் என்று பெரிய எண் போட்டு வரும் போன்கள் பலவற்றில் அந்த வேகம் அந்தந்தக் கம்பெனி சார்ஜரோடும் கேபிளோடும் மட்டும்தான் கிடைக்கும். கார் சார்ஜரில் போட்டால் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். வாங்கும் முன் போன் பெட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது. முக்கியமாக, சாக்கெட்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஆடுகிற சார்ஜர் குண்டும் குழியுமான ரோட்டில் விட்டு விட்டு இணையும், முனை சூடேறும்.

மீட்டரில் இப்போது 9 வோல்ட், 1.8 ஆம்பியர். 16 வாட். போனை ஏசி காற்று வரும் திறப்பின் எதிரே மாட்டும் பிடியில் வைத்தேன். பேட்டரி வெப்பநிலை 34 டிகிரியில் நின்றது, மேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் ஏறியது. கேபிள் வேகமும் குளிர்ந்த காற்றும் சேர்ந்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. வெயிலில் கண்ணாடியில் ஒட்டும் பிடியில் இதே சார்ஜரைப் போட்டுப் பார்த்தபோது போன் சூடேறிச் சார்ஜைக் குறைத்துக்கொண்டது.

இரண்டாவது துளையிலிருந்து அம்மாவுக்குப் பின் சீட்டுக்கு இரண்டு மீட்டர் கேபிள் இழுத்தேன். சென்டர் கன்சோலின் பக்கவாட்டு இடுக்கில் நுழைத்து, தரைவிரிப்புக்கு அடியில் கொண்டுபோய், பின்னால் ஒரு கிளிப்பில் மாட்டினேன். சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்துக்கு மேல் போகக் கூடாது. அங்கே நசுங்கினால் உள்ளே ஷார்ட் ஆகும். ஓட்டுநர் பக்கம் பெடல் அருகே எந்த வயரும் வேண்டாம். கன்சோல் ஓரத்தைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தாலும், ஆரஞ்சு நிற உறையோடு எங்காவது கேபிள் தென்பட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அது உயர் வோல்டேஜ் லைன். பாதிப்பு ஷாக்கோடு நிற்காது, உயிரே போகலாம்.

சாக்கெட்டில் வோல்ட்மீட்டரை விட்டுவைத்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பிரேக்கை அழுத்தாமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பாட்டு வரும், சார்ஜ் ஏறும். ஆனால் ரெடி விளக்கு எரியாது. அப்போது மீட்டரில் 12.3, கொஞ்ச நேரத்தில் 12.1. பெரிய ஹைபிரிட் பேட்டரி இணைப்பிலேயே இல்லை. எல்லாம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து போகிறது. ஹைபிரிட்டில் அது இன்ஜினைச் சுற்ற வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலும் சின்னதாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் காரின் கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியின் சுவிட்சை இணைப்பது அதன் வேலை. அது செத்தால், பின்னால் பெரிய பேட்டரி நிறைந்து கிடந்தாலும் வண்டி கிளம்பாது. எங்கள் தெருவில் இதே வகைக் கார் வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்குக் கல்யாண மண்டப வாசலில் இதுதான் நடந்தது. மத்தியானம் முழுக்க பிள்ளைகள் பாட்டுப் போட்டு, போன் சார்ஜ் செய்திருக்கிறார்கள். மாலையில் கதவு ரிமோட்டுக்கே அசையவில்லை. பக்கத்துக் காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுத்ததும் ரெடி வந்துவிட்டது. ஆனால் ஹைபிரிட்டிலிருந்து இன்னொரு காருக்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது.

ஆகவே நின்று சார்ஜ் செய்வதென்றால் ரெடியில் வைத்து, P-யில் போட்டுவிட்டுத்தான். சிக்னலில் N (நியூட்ரல்) போடும் பழக்கம் உள்ளவர்களும் கவனியுங்கள்: N-ல் ஹைபிரிட் பேட்டரி சார்ஜ் ஆகாது என்று என் மேனுவலில் போட்டிருக்கிறது. ரெடியில் வைத்த கார் சத்தமில்லாமல் இருக்கிறதே என்று மூடிய ஷெட்டில் விட்டுவிடக் கூடாது. பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாக எழும், புகை அறைக்குள் சேரும். குழந்தைகளை உள்ளே வைத்துவிட்டு இறங்குவதும் வேண்டாம். கியரை மாற்றிவிட்டால் வண்டி நகரும்.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை ஊட்டிப் பயணம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். சோதனைச் சாவடியில் அந்த கியூஆர் குறியைக் காட்ட வேண்டும். போன் செத்துப்போனால் வரிசையில் நின்று முழிக்க வேண்டியதுதான். மலையில் டவர் கிடைக்காமல் போன் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். மேட்டுப்பாளையம் தாண்டுமுன் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு போனும் வயரில் இருந்தன. மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டும் நிறைந்திருந்தன.

இறங்கும்போதுதான் ஹைபிரிட்டின் குணம் முழுதாகத் தெரிந்தது. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1900 மீட்டர். ஆட்களோடு 1600 கிலோ வண்டி அவ்வளவு இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 8 யூனிட்டைத் தொடும். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்களில் இருக்கும் பேட்டரியே 0.76 யூனிட்தான். இந்த வகைப் பேட்டரிகள் எல்லாம் சின்னவை. முதல் சில வளைவுகளிலேயே மீட்டரில் பேட்டரிக் கோடு நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வேகத்தைப் பிடித்து வைக்க வண்டி இன்ஜினைப் பெட்ரோல் இல்லாமலே சுற்ற வைக்கிறது. இறக்கத்தில் திடீரென்று இன்ஜின் உறுமுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பிரேக்கைக் காப்பாற்றத்தான் அந்தச் சத்தம். இறக்கம் தொடங்கும்போதே கியரை B-யில் (இன்ஜின் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும் நிலை) போட்டுவிட்டால் பிரேக் அவ்வளவாகச் சூடேறாது.

அடுத்து டேஷ்கேம் (ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா) மாட்ட வேண்டும். கடையில் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனியாக லைன் எடுத்து, நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவாகிற மாதிரி போடலாம் என்றார்கள். அது நாள் முழுக்க 12 வோல்ட் பேட்டரியைத்தான் உறிஞ்சும். என் காரில் ரெடி இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் சாக்கெட்டே அணைந்துவிடுகிறது. எனவே அதே சாக்கெட்டிலிருந்து, ஓடும்போது மட்டும் பதிவாகிற டேஷ்கேம்தான் எடுக்கப்போகிறேன். இருக்கும் இரண்டு துளை போதாது என்பதால் மூன்று துளை சார்ஜராக மாற்ற வேண்டியிருக்கும்.